வாடைக்கு முன் வானத்தைப் பார்

மகளே, பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வெளிக்கள உத்தியோகத்தராக உனக்கு நியமனம் கிடைத்திருக்கிறது என்று உன் அம்மா சொன்னாள். நம் குடும்பத்தில் கூடை சுமந்தவர்கள் உண்டு, மருந்து டாங்கி சுமந்தவர்கள் உண்டு, கவ்வாத்துக் கத்தி பிடித்தவர்கள் உண்டு. கையில் குறிப்புப் புத்தகத்தோடு மலைக்குப் போகும் முதல் பெண் நீ. உன் பெரியப்பா ஊவாத் தோட்டங்களிலேயே வேலை செய்து முதுமையடைந்தவன். இந்த மலைகளின் மழையும் வெயிலும் பனியும் காற்றும் செடிக்கு என்ன செய்கின்றன என்று கண்டதையும், மூத்தவர்கள் வாயால் கேட்டதையும் உனக்கு எழுதுகிறேன்.

காற்றில் வரும் நோயைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். வேரில் பிடிக்கும் நோய் இருந்த இடத்திலிருந்து மெல்ல நகரும். அதைப் பார்த்து யோசித்து முடிவெடுக்க அவகாசம் கிடைக்கும். காற்றில் வருவது அப்படியல்ல. அது செடியைச் சோதிப்பதற்கு முன் செடிக்குப் பொறுப்பானவரின் குணத்தைச் சோதித்துவிடும்.

1. வேலையில் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, லயத்துக்குப் பின்னால் யாராவது வளர்க்கும் கோப்பிச் செடியொன்றைத் தேடிப் போ. இலையைத் திருப்பு. அடியில் செம்மஞ்சள் பொட்டு இருந்தால் விரலால் தடவிப் பார், தூள் ஒட்டும். இந்த நாட்டின் கோப்பியை அழித்தது அந்தத் தூள்தான். 1869இல் அது இலங்கையில் முதன்முதலாகக் கண்ணில் பட்டது நம் மடூல்சீமையில். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அது புதிய பங்கசு என்று அங்கே கண்டார்கள். இங்கே துரைமார் பலர், காலநிலை கொஞ்சம் கெட்டிருக்கிறது, மண் களைத்திருக்கிறது, அடுத்த வருஷம் சரியாகிவிடும் என்றார்கள். அடுத்த வருஷமும் தூள் வந்தது. சில ஆண்டுகளில் கோப்பி விளைந்த மலையெல்லாம் பரவியது. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியன்டல் வங்கியே சரிந்தது. இருபது வருஷம் ஆவதற்குள் மலைகள் தேயிலைக்கு மாறிவிட்டன. முதல் பொட்டைப் பார்த்த அன்று யாரும் பயந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி ஒத்துக்கொண்டிருக்கலாம். நீ ஒத்துக்கொள்ளப் பழகு. சிறிதாக இருக்கும்போது உண்மையைச் சொல்வதற்குத்தான் அதிகத் துணிவு வேண்டும்.

2. காற்றைப் பழிக்குமுன் இலையைத் தொட்டுப் பார். 1880இல் கோப்பி நோயை ஆராய மார்ஷல் வார்ட் என்ற இளைஞரை இங்கே அனுப்பினார்கள். வயது இருபத்தாறு, ஏறக்குறைய உன் வயது. கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளை அவர் தோட்டங்களில் வைத்தார். காற்றில் பறந்த வித்திகள், அதாவது அந்தச் செம்மஞ்சள் தூள், அவற்றில் வந்து ஒட்டின. அந்த நோய் காற்றில் போகிறது என்பதற்கு அதுவே கண்கண்ட சாட்சி. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. உலர்ந்த இலையில் விழுந்த வித்தி சும்மா கிடக்கிறது, இலையில் நீர் நின்றால்தான் முளைத்து உள்ளே போகிறது என்பதையும் கண்டார். இடைவெளியில்லாமல் மலை முழுக்க ஒரே பயிரை நட்டதால் வித்திக்குத் தடையே இல்லாமற் போனது என்றும் சொன்னார். மருந்து மட்டும் அவரிடம் இல்லை. செம்பும் சுண்ணாம்பும் கலந்த மருந்தை பிரான்சின் போர்தோத் திராட்சைத் தோட்டங்களில் மில்லார்டே அறிவித்தது 1885இல். வார்ட் நாடு திரும்பி மூன்று வருஷம் கழித்து. துரைமார் அவரிடம் கேட்டது மருந்து, அவர் சொன்னது காரணம். அதற்காக அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. உன்னிடமும் ஒருநாள் மருந்து கேட்பார்கள். காரணம் மட்டும் தெரிந்திருந்தால் காரணத்தைச் சொல். தெரியாத மருந்தைச் சொல்லி நல்ல பெயர் வாங்காதே.

3. தேயிலையின் நோயை அதன் பருவத்தோடு சேர்த்து அறிந்துகொள். கொப்புள நோய் என்று புத்தகத்தில் இருக்கும்; மலையில் எல்லோரும் பிளிஸ்டர் என்பார்கள். 1868இல் அசாமில் பதிவான நோய் அது. ஏறக்குறைய எண்பது வருஷம் இந்தியாவுக்குள் வடகிழக்கிலேயே இருந்துவிட்டு, 1946இல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஒரே ஆண்டில் தெரிந்தது. என் அப்பா அப்போது சிறுவர். பெரியவர்கள் கொழுந்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார்கள் என்று சொல்வார். கோப்பிக்கு நடந்ததைத் தங்கள் தாத்தாமாரிடம் கேட்டிருந்தவர்கள் அவர்கள்.

இளம் இலையில் முதலில் வெளிறிய சிறு புள்ளி தெரியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணாடி போலிருக்கும். பிறகு அது வட்டமாகி, மேற்பக்கம் குழிந்து, அடிப்பக்கம் புடைத்து, வெள்ளை மெழுகு படிந்ததாகத் தோன்றும். அந்த வெள்ளைதான் வித்தி. ஒரு கொப்புளத்திலிருந்து ஒரு நாளில் இலட்சக்கணக்கில் கிளம்பும். முற்றிய இலையை அது தொடுவதில்லை. நாம் கிள்ளும் அதே கொழுந்துதான் அதற்கும் வேண்டும்.

4. அடுத்த மலைநாட்டின் நாட்காட்டியை உன் மலைக்குக் கொண்டுவராதே. நான் சொல்பவற்றில் இதுதான் ஊவாவுக்கே உரியது, அதனால் நிதானமாகக் கேள். மே மாதம் கழிந்ததும் தென்மேல் பருவம் தொடங்குகிறது. டிக்கோயா, தலவாக்கலைப் பக்கம் மழை, மூடுபனி, பிளிஸ்டர் எல்லாம் ஒன்றாக வரும். அந்தக் காற்று தன் மழையை அந்தச் சரிவுகளிலேயே கொட்டிவிட்டு, மலைமுகட்டைத் தாண்டி நம் பக்கம் இறங்குகிறது. இறங்கும்போது சூடேறி உலர்ந்துவிடும். கிழக்கே மட்டக்களப்புக்காரர் கச்சான் என்று சொல்லும் காற்று அதுதான். ஜூலை தொடங்கி செப்டெம்பர் வரை பண்டாரவளை, ஹாலி-எல, பதுளை, பசறை எங்கும் அது செடியை வாட்டும். கொழுந்து குறையும், புழுதி பறக்கும், பறிக்கும் பெண்களின் உதடு வெடிக்கும். ஆனால் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்த அந்த வாசம் அந்த மாதங்களின் கொழுந்தில்தான் இருக்கிறது. பிளிஸ்டர் வித்தியைக் காயவைத்துக் கொல்வதும் அதே காற்று.

நமக்கு ஆபத்து வாடையில். ஒக்டோபரில் இடி மழையோடு தொடங்கி, வடகீழ் பருவம் வங்காள விரிகுடாவின் ஈரத்தைக் கொண்டுவந்து ஜனவரி வரைக்கும் மடூல்சீமை, லுணுகலை, பசறை, நமுனுகுலச் சரிவுகளில் மேகத்தைக் கட்டிவைக்கும். அங்கே ஓயும் நேரத்தில் இங்கே தொடங்குகிறது. ஒரு தோட்டத்துக்கு மேற்குச் சரிவிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர், திறமைசாலிதான், பழைய இடத்துப் பழக்கப்படி ஜூனில் மருந்தடிக்கச் சொன்னார். காய்ந்து கிடந்த செடிக்கு மருந்து. நவம்பரில் காலம் முடிந்துவிட்டது என்று நிறுத்திவிட்டார். டிசெம்பரில் அந்த மலையில் கூடை நிரம்பவில்லை. அவருக்கு அறிவு குறைவில்லை. புதிய இடத்தில் பழைய ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்கும் மனம்தான் குறைந்திருந்தது.

அப்புத்தளை இதற்கு விலக்கு. முகட்டின் மேலேயே இருப்பதால் இரண்டு பக்கத்துப் பனியும் அங்கே ஏறும். அந்தப் பக்கம் மாற்றலானால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொள்.

5. மழையை அளப்பதோடு வெயிலையும் எண்ணு. புதியவர்கள் எல்லோரும் மழைமானியைத்தான் பார்ப்பார்கள். நானும் எத்தனை மில்லிமீற்றர் என்றுதான் முதலில் கேட்பேன். ஆனால் தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் விசர், சண்முகநாதன், சபாநாயகம் என்ற மூவரும் பல காலம் கணக்கெடுத்து 1961இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிளிஸ்டர் ஏறுவதையும் இறங்குவதையும் சொல்வதில் மழையை விட வெயிலே நல்ல சாட்சி என்பது அதன் சாரம். வித்தியின் தோல் மெல்லியது. நேரடி வெயில் பட்டால் உலர்ந்து சாகும். வெயில் வந்தால் இலையும் காயும், முளைக்க நீர் இருக்காது. ஐந்து நாள் சராசரி, நாளுக்கு நாலு மணி நேரத்துக்குக் கிட்ட வெயில் இருந்தால் நோய் அடங்கும். அதற்குக் கீழே போனால் விழித்துக்கொள்.

அந்த நிலையத்தில் பின்னர் அலன் கெர், றொட்ரிகோ ஆகியோர் காற்றில் உள்ள வித்திகளையும் வெயில் நேரத்தையும் சேர்த்து, நோய் எவ்வளவு வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் கணக்கை 1967இல் எழுதினார்கள். உலகத்தில் பல பயிர்களுக்கு இப்படி ஒரு கணக்கே இல்லாத காலம் அது. நம் மலைநாட்டில் பிறந்த அறிவு இது, மகளே. எங்கோ வெளியிலிருந்து வந்ததாக நினைத்து ஒதுங்கி நிற்காதே.

வெயில் அளக்கும் கண்ணாடிக் குண்டு சில தோட்டங்களில் இருக்கும். சூரியக் கதிர் அதன் வழியே விழுந்து அட்டையில் கரிந்த கோடு போடும். கோட்டின் நீளம்தான் வெயில் நேரம். உன் தோட்டத்தில் அது இல்லையென்றால் உன் நிழலைப் பார். தரையில் தெளிவாக விழுகிறதா, மங்கலாக விழுகிறதா, விழவே இல்லையா? மணிக்கு ஒரு தடவை பார்த்து எழுதினால் போதும்.

6. இன்று நீ காணும் கொப்புளம் இன்று வந்ததல்ல. ஈர இலையில் வித்தி விழுந்து, முளைத்து, கொப்புளமாகி, அடுத்த வித்தியை விடுவதற்கு வானிலையைப் பொறுத்துப் பதினொரு நாளிலிருந்து இருபத்தெட்டு நாள் வரை ஆகும். ஆகவே கண்ணுக்குத் தெரியும்போது நீ பார்ப்பது இரண்டு கிழமைக்கு முந்திய மேகமூட்டத்தை. புதியவர்கள் இங்கேதான் தவறுவார்கள். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மலையில் கொப்புளம் ஏறிக்கொண்டிருக்கும். பயந்து மருந்தைக் கொட்டுவார்கள். அல்லது வானம் மூடிக்கிடக்கும், கொழுந்து சுத்தமாக இருக்கும், நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டும் தவறு. செம்பு மருந்து வித்தி முளைப்பதைத் தடுக்கும். உள்ளே போய்விட்டதைத் துரத்தாது. இலைக்குள் ஊடுருவும் மருந்துகள் இப்போது வந்திருக்கின்றன, அவற்றுக்கும் எல்லை உண்டு. கொழுந்து சுத்தமாக இருக்கும் நாளில் வானத்தைக் காட்டி "இப்போது செய்ய வேண்டும்" என்று சொல்வது கடினம். மேலே உள்ளவர்கள் "எங்கே நோய்?" என்று கேட்பார்கள். ஐந்து நாள் வெயில் கணக்கை எடுத்து நீட்டு. குரலை உயர்த்தாதே.

7. பெருமழையைக் கண்டு பயப்படுகிறோம். தூறலைக் கண்டு சிரிக்கிறோம். பிளிஸ்டரைப் பொறுத்தவரை அது தலைகீழ். மாலையில் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு மறுநாள் காலையில் பளீரென்று வெளிக்கும் மழையால் அவ்வளவு கேடில்லை. நாளெல்லாம் பிசுபிசுவென்று தூறி, இடையிடையே பனி இறங்கி, இலை காய்வதற்கே நேரம் கொடுக்காத கிழமைதான் கெட்ட கிழமை.

8. தோட்டம் முழுவதற்கும் ஒரே வானிலை என்று நினைக்காதே. கிழக்குப் பார்த்த சரிவு காலை வெயிலில் எட்டு மணிக்குள் காய்ந்துவிடும். மேற்குப் பார்த்த மலையிலும், ஓடைக்கரையிலும், காட்டோரத்திலும், நிழல் மரம் அடர்ந்த மூலையிலும் பத்து மணிக்குக்கூடச் சேலை நனையும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்ததும் நேராக அந்த ஈர மூலைக்குப் போ. பார்வைக்கு அழகான மலைக்குப் பிறகு போகலாம். எந்த மலை எத்தனை மணிக்குக் காய்கிறது என்று உனக்கு மனப்பாடமாக வேண்டும்.

நிழல் மரத்தைப் பகையாக நினைக்காதே. கச்சான் காலத்தில் அதுதான் செடியைக் காக்கிறது. வாடைக்கு முன் அளவோடு கிளை கழித்துவிட்டால் வெயிலும் காற்றும் உள்ளே வரும். கவ்வாத்து வெட்டிய மலையில் எல்லாத் தளிரும் ஒரே நேரத்தில் வருவதால், அது மேகமூட்டமான கிழமைகளில் வந்தால் முழுமலையும் ஒன்றாக நோயில் விழும். எந்த மலையை எந்த மாதம் வெட்டுவது என்று பேசும் நாளில் நீ வாய் திறக்க வேண்டியிருக்கும். புதிதாக நடும்போது இனத்தையும் கேள். தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் டீ.ஆர்.ஐ. 2043 கொப்புளத்தைத் தாங்கும், டீ.ஆர்.ஐ. 2023 சீக்கிரம் பிடிகொடுக்கும்.

9. முதல் மருந்து கொழுந்து பறிக்கும் கைதான். ஏழெட்டு நாளுக்கொரு தடவை ஒழுங்காகப் பறித்தால், கொப்புளம் முற்றி வித்தி விடுமுன் அந்தத் தளிர் கூடைக்குள் வந்துவிடும். பன்னிரண்டு, பதினாலு நாள் என்று தள்ளிப்போனால் நாமே நோய்க்குத் தவணை கொடுக்கிறோம். ஆள் இல்லை என்பார்கள். உண்மைதான், பிள்ளைகள் கொழும்புக்குப் போய்விட்டார்கள், நீயும் போயிருக்கலாம். ஆனால் இருக்கும் ஆட்களை எந்த மலைக்கு முதலில் அனுப்புவது என்பது உன் கையில்தான். வாடை மாதங்களில் ஈர மலைகளுக்குச் சுற்றைச் சுருக்கு. 2021 மே மாதம் இரசாயன உரத்தோடு பீடைகொல்லி இறக்குமதியையும் அரசாங்கம் நிறுத்தியது, நவம்பரில் விலக்கிக்கொண்டது. மருந்தை மட்டும் நம்பியிருந்தவர்கள் அந்த மாதங்களில் கையைப் பிசைந்தார்கள். பறிக்கும் சுற்றையும் நிழலையும் ஒழுங்காக வைத்திருந்த இடங்களில் பதற்றம் குறைவாக இருந்ததை நான் பார்த்தேன்.

10. மருந்தடிப்பவரை மறந்துவிட்டு மருந்தைப் பற்றிப் பேசாதே. பறித்து முடித்த கையோடு அடிக்க வேண்டும், அடுத்த பறிப்புக்கு இடையில் உரிய நாட்கள் இருக்க வேண்டும், இல்லையென்றால் மருந்து கோப்பைவரைக்கும் போகும், வாங்கும் நாடுகள் திருப்பி அனுப்பும். இவையெல்லாம் உனக்குச் சொல்லித் தருவார்கள். சொல்லித் தராதது ஒன்று உண்டு. மழை வரும்போல் இருக்கும் நாளில், அடித்த மருந்து கழுவிப்போகும் என்று தெரிந்தும், கணக்கில் காட்ட வேண்டும் என்பதற்காக ஆளை மலைக்கு அனுப்புவார்கள். அந்த மனிதன் முதுகில் டாங்கியோடு வழுக்கும் சரிவில் ஏறுகிறான். அவனுக்குக் கையுறையும் முகமூடியும் இருக்கிறதா, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, திரும்பி வந்ததும் குளிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று பார். அடிக்க முடியாத நாளில் "இன்று வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அவன் பேர், அதாவது அன்றைய கூலி, வெட்டுப்படாமல் வேறு வேலை கொடு. மருந்து வீணானால் காசு போகும், அவ்வளவுதான். அவனுடைய நெஞ்சுக்கூடு அப்படியல்ல.

11. எல்லைக்கல்லைக் காற்று பார்ப்பதில்லை. பக்கத்துத் தோட்டத்திலும், ஊரில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்களின் நிலத்திலும் கொப்புளம் ஏறினால் உன் மலைக்கும் வரும். உன் மலையில் ஏறினால் அவர்களுக்கும் போகும். பறிக்காமல் கைவிட்ட மலைகள் இப்போது அதிகம். அவற்றை ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வா. காற்று எவ்வளவு தூரம் சுமக்கும் என்று கேள்: தமிழ்நாட்டின் நீலகிரி, பழனி மலைகளில் தங்கியிருக்கும் கோதுமைத் துரு நோயின் வித்தியை, வங்கக்கடலில் கிளம்பும் புயல் சுமந்துபோய் நூற்றுக்கணக்கான மைல் வடக்கே மத்திய இந்தியாவின் வயல்களில் மழையோடு இறக்குகிறது. எந்தவிதப் புயல் வந்தால் எங்கே இறங்கும் என்று நாகராஜன் முதலான விஞ்ஞானிகள் 1970களில் விதிகளே எழுதினார்கள். அவ்வளவு தூரம் போகிற பொருளுக்கு உன் தோட்டத்து வேலி எம்மாத்திரம்? ஆகவே பக்கத்தவர் மேல் பழி போடாதே. முதல் கொப்புளம் தெரிந்த அன்றே அவர்களுக்குச் சொல்லியனுப்பு. சிங்கள ஊரானால் சிங்களத்தில் சொல். நம் மலை கெட்டது வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று ஒளித்தவர்களை எனக்குத் தெரியும். ஒளித்து வைத்த நோய்தான் முதலில் வீடு தாண்டியது.

12. பிற ஊரின் விதியை மதி, ஆனால் கடன் வாங்காதே. வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கு போடும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. கிழங்குச் செடியைக் கருக்கும் வெளிறல் நோயும் குளிரிலும் ஈரத்திலும் காற்றில் பரவுவதுதான். 1845இல் அயர்லாந்தைப் பட்டினியில் தள்ளியது அதுவே. இங்கிலாந்தில் போமொன்ட் என்பவர் 1947இல் ஒரு விதி எழுதினார்: இரண்டு நாள் தொடர்ந்து வெப்பம் பத்துப் பாகைக்குக் கீழே இறங்காமலும், காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு எழுபத்தைந்துக்குக் குறையாமலும் இருந்தால் நோயை எதிர்பார். நண்பரின் மகன் அதைப் படித்துவிட்டு ஆசையோடு வந்தான். இங்கிலாந்தில் பத்துப் பாகை என்பது ஒரு கணக்கு. வெலிமடையில் மழைக்காலத்தில் அநேகமாக எல்லா நாளும் அந்த விதிக்குள் அடங்கிவிடும். எல்லா நாளும் மணியடித்தால் யார் எழுந்து பார்ப்பார்கள்? அவன் சோர்ந்துபோனான். விதி தவறில்லை தம்பி, அது வேறு மண்ணில் எண்ணியது, நீ உன் வயலில் எண்ணு என்று சொன்னேன். இப்போது இலை எத்தனை மணிவரை நனைந்திருக்கிறது என்று எழுதி வைக்கிறான். அந்தப் பையனைப் பற்றி எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

13. மழை நாளில் கொழுந்துக்கு முன் லயத்தைப் பார். கொப்புளத்தைக் கொண்டுவரும் அதே மேகம்தான் மலையையும் இறக்குகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி காலை கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களைப் புதைத்தது. பிள்ளைகள் சிலர் பள்ளிக்குப் போயிருந்ததால் பிழைத்தார்கள். திரும்பி வந்தபோது வீடில்லை. வானிலையைப் படிக்கக் கற்றவளுக்கு அதனால் கூடுதல் கடமை உண்டு. மழைமானியில் எண் ஏறும்போது, நிலத்தில் புது வெடிப்பு, கலங்கிய ஊற்று, சாய்ந்த மரம், மூடாத கதவு என்று யாராவது சொன்னால், அந்த நிமிஷமே எழுது, மேலே அறிவி, ஆட்களை நகர்த்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இரு. அன்று பிளிஸ்டரைப் பற்றி யாரும் உன்னிடம் கேட்டால் பதில் சொல்லாதே.

14. புத்தகத்தில் பொய் எழுதாதே. தினமும் எழுது: மழை எவ்வளவு, வெயில் எத்தனை மணி, பனி எப்போது விலகியது, காற்று எந்தப் பக்கம், எந்த மலையில் நூறு தளிருக்கு எத்தனை கொப்புளம். மலைக்குப் போகாத நாளில் "போகவில்லை" என்று எழுது. நேற்றைய எண்ணை இன்றைக்குப் போடும் பழக்கம் நல்லவர்களையும் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தால் யாருக்கும் பயனில்லை. வாடை மழை இப்போதெல்லாம் சொன்ன கிழமையில் வருவதில்லை. சில வருஷம் தள்ளிப்போகிறது. சில வருஷம் பெப்ரவரிவரை இழுக்கிறது. நடு ஒகஸ்டில் பனி இறங்கிய ஆண்டையும் பார்த்துவிட்டேன். எங்கள் காலத்து ஞாபகம் உனக்குப் பாதிதான் உதவும். நீ எழுதும் பத்து வருஷத்துப் புத்தகம் உனக்குப் பின் வருபவருக்கு எங்கள் எல்லோருடைய ஞாபகத்தையும் விட மேலானது.

15. கொழுந்து பறிக்கும் பெண்களிடம் கேள். தளிரை உன்னை விட அதிகம் பார்ப்பவர்கள் அவர்கள். வெளிறிய புள்ளி கண்ணுக்குத் தெரியுமுன் இலையின் மொரமொரப்பு மாறுவதை விரல் அறியும் என்று ஒரு மூத்த பெண் எனக்குச் சொன்னார். நிரையில் அவரோடு நடந்து பார்த்த பிறகு எனக்கு அதில் சந்தேகம் இருக்கவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் வைத்துக் கேட்காதே. அங்கே அவர்களுக்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை. நிரையில் கூட நட, அக்கா, அம்மா என்று முறை சொல்லிக் கூப்பிடு, உன் கையாலும் கொஞ்சம் பறி. அவர்கள் சொல்வதைப் புத்தகத்தில் எழுதும்போது பக்கத்தில் அவர்களுடைய பெயரையும் எழுது. மேலதிகாரி வந்து "யார் கண்டுபிடித்தது?" என்று கேட்டால் அந்தப் பெயரையே சொல். மறுநாள் பெரட்டில் எல்லோர் முன்னாலும், நேற்று ஓடைக்கரை மலையில் முதல் கொப்புளத்தைக் கண்டது இன்னார் என்று ஒரு தடவை உரக்கச் சொல்லிவிட்டு வேலையைப் பிரி.